மறையெழுத்தும் அதன் திறவுகோலும்



வங்கியின் பணப்பொறி முன் நின்று இரகசிய எண்ணை அழுத்தும் முதியவரும், கனடாவிலுள்ள மகளுடன் கைத்தொலைபேசியிற் பேசும் தாயும், ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளியும் தாம் மிகப் பழைய கலையொன்றைக் கையாளுகின்றோம் என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. அவர்தம் சொற்களும் எண்களும் கம்பியிலும் காற்றிலும் செல்லும்போது, பிறர் கண்ணுக்குப் பொருளற்ற குவியலாக மாற்றப்பட்டே செல்கின்றன. உரியவர் கையை அடைந்ததும் மீண்டும் பொருளுள்ள செய்தியாகின்றன. இம்மாற்றத்தைச் செய்யும் கலைக்கு மறைகுறியாக்கம் என்று பெயர். அதனுள்ளும், மறைப்பதற்கும் விடுப்பதற்கும் ஒரே திறவுகோலைப் பயன்படுத்தும் முறையைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். அறிஞர் இதனைச் சமச்சீர்த் திறவுகோல் முறை என்பர். எம்மவர் பேச்சுவழக்கிற் கூறுவதாயின், பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே திறப்பு.

உரோமாபுரியின் யூலியஸ் சீசர் தம் அந்தரங்கக் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதற்கு அடுத்த மூன்றாம் எழுத்தை எழுதினார் என வரலாற்றாசிரியர் சுவெற்றோனியஸ் கூறுகின்றார். இங்கே திறவுகோல் ‘மூன்று’ என்னும் எண். அதனை அறிந்தவர் மூன்றெழுத்துப் பின்சென்றால் செய்தி வெளிப்படும். அறியாதவரும் மாலைப்பொழுதொன்றில் எல்லா எண்களையும் முயன்று பார்த்துவிடலாம். எழுத்துகளை முறையின்றிக் கலைத்து வைத்தாலோ? சாத்தியமான திறவுகோல்கள் எண்ணிலடங்கா. ஆயினும் 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த அல்-கிந்தி என்னும் பேரறிஞர் அதற்கும் வழி கண்டார். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும். சில அரிதாகவே வரும். மறைத்த எழுத்தை எண்ணிப் பார்த்தால் அந்த ஏற்றத்தாழ்வு அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். திறவுகோல்களின் தொகை பெரிதாயிருப்பது மட்டும் காவலாகாது என்பது அன்றே நிறுவப்பட்டது.

இத்துறையின் அடிப்படை விதியொன்றை வகுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் எனக்குத் தனியானதொரு மகிழ்ச்சி உண்டு. ஒல்லாந்திற் பிறந்து பிரான்சில் மொழி கற்பித்த ஓகுஸ்த் கெர்க்கோவ்ஸ் என்பார் 1883இல் இராணுவ மறையெழுத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், மறைக்கும் முறை பகைவன் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேரக்கூடாது. திறவுகோல் ஒன்றே இரகசியமாயிருத்தல் வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். பூட்டின் அமைப்பை உலகமே அறிந்திருக்கட்டும். திறப்பு மட்டும் மடியில் இருக்கட்டும் என்பது இதன் சாரம். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது விபரீதமாகத் தோன்றும். முறையையும் சேர்த்து மறைத்தால் இரட்டைக் காவல் அல்லவா என்று கேட்பர். அன்று. முறை பலர் கைக்குச் செல்வது. இயந்திரமாகவோ நூலாகவோ அது களவு போகும். களவு போனதன்பின் அதனை மாற்றுவது பெரும்பாடு. திறவுகோலோ நாள்தோறும் மாற்றத்தக்கது. மேலும், எல்லோரும் காணும்படி வைக்கப்பட்ட முறையின் குறைகளை எல்லோரும் தேடுவர். தேடியும் கிடைக்காத முறையையே நம்பலாம்.

ஒரே திறவுகோல் முறையில் எவராலும் உடைக்கவொண்ணாத ஒன்று இருக்கின்றதா எனின், இருக்கின்றது. செய்தியின் நீளத்துக்குச் சமமான நீளமுடைய, எவ்வித ஒழுங்குமற்ற எண்வரிசை ஒன்றைத் திறவுகோலாகக் கொண்டு, அதனை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாது அழித்துவிட்டால், அச்செய்தியை எத்துணைப் பெரிய இயந்திரத்தாலும் விடுக்க இயலாது. இதனை அமெரிக்கக் கணித மேதை குளோட் சனன் 1949இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். ஆனால் நடைமுறை என்று வரும்போது நிலைமை வேறு. ஆயிரம் பக்கச் செய்திக்கு ஆயிரம் பக்கத் திறவுகோல் வேண்டும். அதனை முன்கூட்டியே பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும். சோவியத் நாடு இம்முறையைத்தான் கையாண்டது. 1942இல், யுத்த நெருக்கடியின் நடுவே, திறவுகோற் பக்கங்கள் சிலவற்றை இருமுறை அச்சிட்டுவிட்டனர். ஒரே பக்கம் இரு செய்திகளுக்குப் பயன்பட்டது. அந்தச் சிறு கவனக்குறைவைப் பற்றிக்கொண்டு அமெரிக்கர் 1943 முதல் 1980 வரை ‘வெனோனா’ என்ற மறைபெயரில் உழைத்து, ஆயிரக்கணக்கான செய்திகளின் பகுதிகளைப் படித்தனர். 1995இலேயே அஃது உலகுக்கு வெளியிடப்பட்டது. கணிதம் பிழைக்கவில்லை, அச்சுக்கூடம் பிழைத்தது.

இவ்விடத்திலே நம் நாட்டோடு தொடர்புடைய வரலாறொன்றைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். இரண்டாம் உலக யுத்தத்தில் யப்பானியக் கடற்படை கையாண்ட முதன்மையான மறைமுறை, ஒரே திறவுகோல் முறையின் ஒரு வகையாகும். அவர்களிடம் இரு நூல்கள் இருந்தன. முதல் நூலில் ஒவ்வொரு சொல்லுக்கும் சொற்றொடருக்கும் ஐந்திலக்க எண் ஒன்று தரப்பட்டிருந்தது. இரண்டாம் நூல் முழுவதும் ஒழுங்கற்ற ஐந்திலக்க எண்கள். சொல்லுக்குரிய எண்ணோடு இரண்டாம் நூலின் எண்ணைக் கூட்டி அனுப்புவர். கூட்டும்போது பத்தாயின் மீதியைக் கொண்டுசெல்வதில்லை. உதாரணமாக, ஒரு சொல்லுக்குரிய எண் 12345 என்றும், கூட்டும் எண் 70492 என்றும் கொள்வோம். ஒன்றும் ஏழும் எட்டு. இரண்டும் பூச்சியமும் இரண்டு. மூன்றும் நான்கும் ஏழு. நான்கும் ஒன்பதும் பதின்மூன்று, அதில் மூன்று மட்டும். ஐந்தும் இரண்டும் ஏழு. ஆகவே வானலையிற் செல்வது 82737. பெறுபவர் அதே நூலைத் திறந்து அதே எண்ணைக் கழித்தால் சொல் கிடைக்கும். அனுப்புநரிடமும் பெறுநரிடமும் ஒரே நூல்கள். அதுவே இம்முறையின் உயிர். அதுவே இதன் நோயும்.

இச்செய்திகளை ஒற்றுக்கேட்டு ஆராய்ந்த பிரித்தானியக் குழுவொன்று, சிங்கப்பூர் வீழும் தறுவாயில், 1942 ஜனவரியில் கொழும்புக்கு வந்துசேர்ந்தது. நகரிலிருந்த பெம்புறோக் கல்லூரி என்னும் பாடசாலைக் கட்டிடத்திலே அக்குழு தங்கிப் பணியாற்றியது. பிள்ளைகள் வாய்பாடு சொல்லிய அறைகளில் பகைவரின் எண்கள் கழிக்கப்பட்டன. விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையைத் தாக்க வருகின்றன என்பதை அவர்கள் மார்ச் மாத இறுதியிலேயே உய்த்துணர்ந்து எச்சரித்தனர். ஏப்பிரல் முதலாந் தேதியளவில் எதிர்பார்க்கப்பட்ட தாக்குதல், ஏப்பிரல் 5ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின் மேலும், 9ஆம் தேதி திருகோணமலையின் மேலும் நிகழ்ந்தது. அதன்பின் அக்குழு கென்யாவின் கிலிந்தினித் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டு, 1943இல் மீண்டும் கொழும்புக்கு வந்தது.

யப்பானியரின் முறை எவ்வாறு உடைபட்டது? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று வேடிக்கையானது. தந்தியில் எண் பிழைபடின் கண்டுபிடிப்பதற்காக, சொல்நூலின் எண்கள் எல்லாவற்றையும் மூன்றால் வகுபடுவனவாக அமைத்திருந்தனர். தம் இயக்குநருக்கு உதவச் செய்த இவ்வேற்பாடு பகைவனுக்கே கூடுதலாக உதவிற்று. ஒரு கூட்டெண்ணைக் கழித்துப் பார்க்கையில் விடைகள் எல்லாம் மூன்றால் வகுபட்டால், கழித்த எண் சரி என்று அவன் அறிந்துகொள்ளலாம் அல்லவா? மற்றொரு காரணம் இன்னும் பாரதூரமானது. நூல்களை 1942 ஏப்பிரலில் மாற்றுவதாக யப்பானியர் திட்டமிட்டிருந்தனர். பசிபிக் சமுத்திரம் முழுவதும் பரந்து கிடந்த கப்பல்களுக்கும் தீவுகளுக்கும் புதிய நூல்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இயலாமற் போகவே, மாற்றம் ஏப்பிரலிலிருந்து மேக்கும், பின் மே மாதக் கடைசிக்கும் பிற்போடப்பட்டது. அவ்விடைவெளியிலேதான் அமெரிக்கர் மிட்வே தீவின்மீது வரவிருந்த படையெடுப்பை அறிந்துகொண்டனர். ஜூன் 4ஆம் தேதி தொடங்கிய அக்கடற்போரில் யப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. ஒரே திறவுகோல் முறையின் தலையாய குறை யாதென எவரேனும் என்னிடம் வினவினால், கணிதம் எதனையும் கூறாமல் இந்தச் சம்பவத்தையே கூறுவேன். திறவுகோலை உரியவரிடம், உரிய காலத்தில், பிறர் காணாமற் சேர்ப்பது எங்ஙனம் என்பதே அக்குறை.

யுத்தம் முடிந்து கணினிகள் வந்தன. வங்கிகளும் வணிகரும் மறையெழுத்தை நாடினர். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஹோஸ்ட் பைஸ்டல் என்பார் தொடங்கிய ஆராய்ச்சியின் வழிவந்த முறையொன்றை, அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகம் 1977இல் பொது நியமமாக வெளியிட்டது. டி.இ.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். கணினியின் மொழி பூச்சியமும் ஒன்றும் ஆகிய இரு குறிகளால் ஆனது என்பதை அறிவீர்கள். அக்குறிகளை இரும இலக்கங்கள் என்போம். டி.இ.எஸ். முறையின் திறவுகோல் 56 இரும இலக்கங்கள் கொண்டது; அதாவது சாத்தியமான திறவுகோல்கள் ஏறத்தாழ 720 கோடி கோடி. கேட்கும்போது மலைப்பாயிருக்கின்றது. எனினும் விட்பீல்ட் டிபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர் இது போதாது, பணம் படைத்தவன் ஒரு நாளில் எல்லாத் திறவுகோல்களையும் முயன்றுவிடக்கூடிய இயந்திரத்தைச் செய்யலாம் என்று அன்றே எச்சரித்தனர். 1998இல், இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் அமெரிக்க நிறுவனமொன்று, இரண்டரை இலட்சம் டொலருக்கும் குறைந்த செலவில் அத்தகைய இயந்திரத்தைச் செய்து, 56 மணித்தியாலத்தில் திறவுகோலைக் கண்டுபிடித்துக் காட்டியது. அடுத்த ஆண்டு ஜனவரியில், இணையத்தால் இணைந்த ஆயிரக்கணக்கான கணினிகளின் துணையோடு, அவ்வேலை 22 மணித்தியாலமாகக் குறைந்தது. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முறையின் உள்ளமைப்பு பெரிதும் பழுதுபடவில்லை. திறவுகோலின் நீளமே குறுகியதாயிற்று.

ஆகவே புதிய முறை தேடப்பட்டது. இம்முறை அமெரிக்க அரசு 1997இல் உலக அறிஞர் யாவரையும் அழைத்துப் பகிரங்கப் போட்டி நடத்தியது. 15 முறைகள் ஏற்கப்பட்டன, அவற்றின் குறைகளை ஒருவர் மற்றவர் முன்னிலையில் எடுத்துக்காட்டினர், ஐந்து மிஞ்சின. 2000 ஒக்டோபரில் பெல்ஜிய நாட்டவரான யோன் டேமன், வின்சென்ற் ரைமன் ஆகிய இருவரின் முறை தெரிவுசெய்யப்பட்டு, 2001 நவம்பரில் ஏ.இ.எஸ். என்னும் நியமமாயிற்று. கெர்க்கோவ்ஸ் ஆசிரியரின் விதி இதனிலும் செம்மையாகக் கடைப்பிடிக்கப்பட்டதில்லை எனலாம்.

கலைப் பட்டதாரியாகிய நான் அதன் கணிதத்துள் நெடுந்தூரம் புகப்போவதில்லை. செய்தியை 16 எழுத்தளவான கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் நான்குக்கு நான்கு சதுரமாக அடுக்கி, எழுத்துகளை வேறு எழுத்துகளாக மாற்றி, வரிசைகளை நகர்த்தி, நிரல்களைக் கலந்து, திறவுகோலின் ஒரு பகுதியைச் சேர்த்து, இதனையே பலமுறை திரும்பத் திரும்பச் செய்வது அம்முறை. திறவுகோல் 128 இரும இலக்கமாயின் பத்துச் சுற்று. 256 ஆயின் பதினான்கு சுற்று. மூலச் செய்தியில் ஒரே ஓர் இலக்கம் மாறினாலும் முடிவிற் கட்டம் முழுவதும் உருமாறிவிடும். அல்-கிந்தி எண்ணிப் பார்த்த ஏற்றத்தாழ்வு இங்கே தடயமின்றிக் கரைந்துபோகின்றது.

அதன் வலிமையை ஒரு கணக்காற் காட்டலாம். ஒரு விநாடியில் ஓர் இலட்சம் கோடித் திறவுகோல்களை முயலும் இயந்திரம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். டி.இ.எஸ். முறையின் திறவுகோல்கள் அனைத்தையும் அஃது 20 மணித்தியாலத்தில் முடித்துவிடும். ஏ.இ.எஸ். முறையின் மிகச் சிறிய திறவுகோலுக்கோ, சாத்தியங்களின் தொகை 39 இலக்கமுள்ள எண். அதே இயந்திரம் அதனை முடிக்க, பிரபஞ்சம் தோன்றி இன்றுவரை சென்ற காலத்தைப்போல் ஏறக்குறைய 78 கோடி மடங்கு காலம் செல்லும். 2011இல் ஆய்வாளர் சிலர் ஒரு குறுக்குவழி கண்டனர்; அது தேடலை ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக்கியது. 78 கோடியை நான்கால் வகுத்து நீங்களே ஆறுதல் கொள்ளலாம். இத்துணை வலிமைக்கு நாம் கொடுக்கும் விலையும் சொற்பம். 2010 அளவிலிருந்து கணினிச் சில்லுகளின் உள்ளேயே இம்முறைக்கெனத் தனிக் கட்டளைகள் பொறிக்கப்பட்டு வருகின்றமையால், முழுத் திரைப்படம் ஒன்றை மறைப்பதும் சில விநாடி வேலையே. வேகமும் சிக்கனமும் ஒரே திறவுகோல் முறையின் தனிச்சிறப்புகள். வேறெந்த முறையும் இதற்கு ஈடுகொடுக்க முடியாது.

ஆனால் நல்ல பூட்டையும் தவறாகப் பூட்டலாம். ஒரு பாடசாலையின் வரவுப் பதிவேட்டை இம்முறையால் மறைக்கின்றோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாணவரின் குறிப்பும் ஒரு கட்டம். ‘வந்தார்’ அல்லது ‘வரவில்லை’ என்பதே குறிப்பு. ஒரே திறவுகோலால் தனித்தனியே மறைத்தால், ‘வந்தார்’ எல்லாம் ஒரே வடிவில் இருக்கும். ‘வரவில்லை’ எல்லாம் வேறொரே வடிவில் இருக்கும். திறவுகோல் இல்லாதவரும் எந்தப் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்பதை எண்ணிவிடலாம். ஆதலாலேயே ஒவ்வொரு கட்டத்தோடும் மாறிக்கொண்டேயிருக்கும் எண்ணொன்றைச் சேர்த்து மறைப்பது வழக்கமாயிற்று. அதனையும் ஒழுங்காகச் செய்தல் வேண்டும். கம்பியில்லா இணையத்துக்கு 1990களில் வகுக்கப்பட்ட முதற் காவல்முறையில் இம்மாறும் எண் 24 இரும இலக்கமே கொண்டிருந்தது. ஒரு கோடியே 67 இலட்சத்துச் சொச்சம் செய்திகளின் பின் அது திரும்ப வந்தே ஆகவேண்டும். சுறுசுறுப்பான வலையமைப்பில் அதற்குச் சில மணித்தியாலம் போதும். 2001இல் அம்முறையின் இன்னும் ஆழமான குறைகள் வெளியாகி, அது கைவிடப்பட்டது. சோவியத் அச்சுக்கூடத்தின் பிழை அரை நூற்றாண்டின் பின் இன்னோர் உருவில் வந்தது போலும்.

இன்னுமொன்று. மறைத்தல் வேறு, மாற்றாமற் காத்தல் வேறு. சில வகை மறைமுறைகளில், ‘1000 ரூபா’ என்பதில் முதல் இலக்கம் இருக்கும் இடத்தை ஊகிப்பவன், திறவுகோலே இல்லாமல் அதனை ‘9000’ ஆக்கிவிட முடியும். இன்றைய நல்ல அமைப்புகள், மறைத்தலோடு முத்திரையொன்றையும் சேர்த்து அனுப்பி, மாற்றம் நேர்ந்தால் செய்தியையே நிராகரிக்கின்றன.

இனித் திறவுகோலைக் கொண்டுசேர்க்கும் பழைய வில்லங்கத்துக்கு வருவோம். பொதுப் பரீட்சை வினாத்தாள்களை முத்திரையிட்ட பொதிகளாகக் காவலோடு கொண்டுவருவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே திறவுகோல்களையும் இரும்புப் பெட்டியில் வைத்துத் தூதுவர் சுமந்த காலம் இருந்தது. ஒவ்வோர் இருவருக்கும் தனித் திறவுகோல் வேண்டும். 40 ஆசிரியர் தமக்குள் அந்தரங்கமாகப் பேசுவதாயின் 780 திறவுகோல்கள். 1000 பேராயின் 4,99,500. கோடிக்கணக்கானோர் கூடும் இணையத்தில் இஃது எங்ஙனம் கூடும்? 1976இல் முன்னர்க் கூறிய டிபியும் ஹெல்மனும் விடை பகர்ந்தனர். முன்பின் அறியாத இருவர், தத்தம் இரகசிய எண்ணை வெளிவிடாமல், அதிலிருந்து கணித்த எண்களை எல்லோரும் கேட்கப் பரிமாறிக்கொண்டு, இறுதியில் இருவர் மட்டுமே அறிந்த பொது எண்ணொன்றை அடையலாம் என்று காட்டினர். அடுத்த ஆண்டு, பூட்டுவதற்கு ஒன்றும் திறப்பதற்கு வேறொன்றுமாக இரு திறவுகோல் கொண்ட முறை வந்தது. பிரித்தானிய அரசின் மறையெழுத்து அலுவலகத்தில் 1970களின் தொடக்கத்திலேயே இவை கண்டுபிடிக்கப்பட்டு, 1997 வரை மூடிவைக்கப்பட்டிருந்தன என்பதும் பின்னர் வெளிவந்தது.

அங்ஙனமாயின் ஒரே திறவுகோல் முறை ஒழிந்ததா? ஒழியவில்லை. இருதிறவுகோல் முறை மிக மந்தமானது. ஆகவே இன்று இரண்டும் கூட்டாகவே தொழில் புரிகின்றன. வங்கியின் இணையத்தளத்தை நீங்கள் திறக்கும் கணத்தில், புதிய முறை ஒரு சிறு திறவுகோலை இருபுறமும் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன்பின் செல்லும் செய்தி முழுவதையும் ஏ.இ.எஸ். போன்ற பழைய மரபின் முறையே சுமக்கும். பணி முடிந்ததும் அத்திறவுகோல் எறியப்படும்.

சமச்சீர் முறையால் இயலாத காரியம் ஒன்று உண்டு. கையெழுத்தாக அது பயன்படாது. கடன் தருவதாக நீங்கள் அனுப்பிய மறைச்செய்தியை நண்பர் நீதிமன்றத்திற் காட்டினால், ‘அதே திறவுகோல் உம்மிடமும் உண்டு, நீரே எழுதிக்கொண்டீர்’ என்று நீங்கள் மறுத்துவிடலாம். மூன்றாமவருக்கு எதனையும் நிரூபிக்க இயலாது. அதற்கு இருதிறவுகோல் முறையே வேண்டும்.

குவாண்டம் கணினி வந்தால் எல்லாப் பூட்டும் திறந்துவிடும் என்று பத்திரிகைகளில் எழுதுகின்றனர். போதிய அளவில் அத்தகைய இயந்திரம் அமையுமாயின், இன்று பரந்து வழங்கும் இருதிறவுகோல் முறைகள் வீழும் என்பது 1994இல் பீற்றர் சோர் காட்டிய உண்மை. அதனாலேயே 2024 ஓகஸ்டில் அமெரிக்க நியம நிறுவனம் அவற்றுக்குப் பதிலான புதிய முறைகளை வெளியிட்டது. ஆனால் வயது முதிர்ந்த ஒரே திறவுகோல் முறைக்கு அத்துணை ஆபத்தில்லை. குவாண்டம் தேடல் அதன் திறவுகோலின் பயன்தரு நீளத்தைப் பாதியாகக் குறைக்கும், அவ்வளவே. 256 இரும இலக்கத் திறவுகோல் 128 இலக்கத்தின் வலிமையோடு எஞ்சி நிற்கும். அந்த வலிமை எத்தகையதென்று மேலே கணக்கிட்டோம்.

கடைசியாக, உங்கள் கைத்தொலைபேசி. அதனுள் இருக்கும் படங்களும் கடிதங்களும் பெரும்பாலும் இம்முறையாலேயே மறைக்கப்பட்டுள்ளன. சாதனத்தினுள் புதைந்த இரகசிய எண்ணொன்றும், நீங்கள் அழுத்தும் குறியிலக்கமும் சேர்ந்தே திறவுகோலுக்கு வழிவிடுகின்றன. நான்கு இலக்கமாயின் சாத்தியங்கள் 10,000. ஆறு இலக்கமாயின் 10 இலட்சம். இச்சிறு எண்ணிக்கையை ஈடுசெய்யவே, பலமுறை பிழையாக அழுத்தினால் தொலைபேசி உங்களைக் காத்திருக்க வைக்கின்றது. உரிமையாளர் குறியிலக்கத்தை மறந்தாலோ, எவருக்கும் கூறாது இறந்தாலோ, உள்ளே உள்ளவை பல வேளைகளில் மனைவி மக்களுக்கும் கிட்டாமற் போகின்றன. பெட்டகத்தின் இலக்கத்தை உறையிலிட்டு ஒட்டி நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்து வைக்கும் பழைய வழக்கத்தைச் சில குடும்பங்கள் இதற்கும் மேற்கொண்டுள்ளன. பிறந்த தேதியையும் 1234 என்பதையும் மட்டும் குறியிலக்கமாக வைக்காதிருங்கள். திருடன் முதலில் முயல்வது அவற்றையே.